நாற்பது நாளை மறந்த சொல்

1377 ஜூலை 27 அன்று ராகூசா என்ற சிறிய வணிகக் குடியரசின் மன்றம் கூடி ஒரு சட்டம் போட்டது. ஆட்ரியாட்டிக் கடலோரத்து ஊர் அது. இன்று குரோவேஷியாவில் டுப்ரோவ்னிக் என்ற பெயரில் இருக்கிறது. பிளேக் கண்ட இடங்களிலிருந்து யார் வந்தாலும் நேரே ஊருக்குள் நுழையக்கூடாது என்றது அந்தச் சட்டம். மர்கன் என்ற குட்டித் தீவிலோ, சாவ்தாத் என்ற சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே வரலாம். அனுமதி வாங்காமல் அவர்களைப் பார்க்கப் போகிற உள்ளூர்க்காரர்களும் அங்கேயே ஒரு மாதம் கிடக்க வேண்டியதுதான்.

1348-இல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய் ராகூசாவையும் விடவில்லை. துறைமுகத்தை இழுத்து மூடினால் நோய் வராது, ஆனால் வணிகத்தை நம்பி வாழும் ஊர் பட்டினி கிடக்கும். திறந்து வைத்தாலோ சாவு உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்டுபிடித்த வழிதான் காத்திருப்பு. பிளேக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். அதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, கிருமி என்ற ஒன்று இருப்பது தெரியாமலே, நோய் உடம்புக்குள் சில நாள் ஒளிந்திருக்கும் என்பதை அந்த வணிகர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதை ஒரு பெரிய அறிவுப் பாய்ச்சலாகவே நினைக்கிறேன்.

முப்பது நாள் காத்திருப்புக்கு இத்தாலிய வழக்கில் திரெந்தீனா என்று பெயர். அடுத்த நூற்றாண்டில் வெனிஸும் மற்றத் துறைமுகங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டபோது முப்பது நாற்பதாக வளர்ந்தது. இத்தாலியில் நாற்பதுக்கு ‘குவாரந்தா’. அதிலிருந்து குவாரந்தீனா வந்தது. அதுவே ஆங்கிலத்தில் குவாரன்டைன் ஆயிற்று. ஏன் நாற்பது? நோவா காலத்து மழை நாற்பது நாள், சீனாய் மலையில் மோசே இருந்தது நாற்பது நாள், பாலைவனத்தில் இயேசு நோன்பிருந்தது நாற்பது நாள், அதை நினைத்துக் கடைப்பிடிக்கும் தவக்காலமும் நாற்பது நாள். நம் சித்த வைத்தியர்கள் எந்த மருந்தையும் ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வதைப் போல, அந்த மண்ணில் உடம்பும் மனமும் தூய்மை பெறுவதற்கான கணக்கு நாற்பது. கடுமையான நோய் எதுவானாலும் நாற்பது நாளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்ற பழைய கிரேக்க மருத்துவக் கொள்கையும் சேர்ந்துகொண்டது. பிளேக் தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே நாற்பது தேவைக்கு மிஞ்சிய எண்தான். மிஞ்சியிருந்ததால்தான் தவறிப்போகாமல் காப்பாற்றியது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் மூன்று தடவை வெவ்வேறு வேலைக்கு வந்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் முதலில் வந்தபோது அது ஓர் இடத்தின் பெயர்: இயேசு நோன்பிருந்த பாலைவனம். எரிக்கோ நகரத்துக்கு மேலே நிற்கும் அந்த மலையை அரபு மொழியில் இன்றும் குருந்துல் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே போன சிலுவைப்போர்க்காரர்களின் ‘நாற்பது’ அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது வேலை சட்டத்தில். 1215-இல் இங்கிலாந்து மன்னன் ஜான் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவின் ஏழாவது பிரிவு, கணவனை இழந்த பெண் அவன் வீட்டில் நாற்பது நாள் தங்கியிருக்கலாம் என்கிறது. அந்த நாற்பது நாளுக்குள் அவளுக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இந்த உரிமையைத்தான் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கறிஞர்கள் குவாரன்டைன் என்றார்கள். இழவு விழுந்த வீட்டிலிருந்து மறுநாளே ஒரு பெண்ணைத் தெருவில் தள்ளிவிடாமல் தடுத்த சொல் அது. நோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். இங்கே குவாரன்டைன் என்பது அடைத்துவைப்பதன் பெயராக இல்லை. காத்திருக்கும் நாட்களில் கூரையும் சோறும் உண்டு என்ற உறுதியின் பெயராக இருந்தது. மூன்றாவது வேலையில் நோயோடு சேர்ந்தபின் அந்த உறுதி எங்கெங்கே காப்பாற்றப்பட்டது, எங்கெங்கே கைவிடப்பட்டது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

நோயோடு இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது 1660-களில். 1663 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்கிலும் பிளேக் என்று செய்தி வர, அங்கிருந்து வரும் கப்பல்கள் முப்பது நாள் குவாரன்டைனில் நிற்கவேண்டும் என்று அரசரின் ஆலோசனைச் சபை ஆணை போட்டது. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதும்போது, நாற்பதைக் குறிக்கும் சொல்லோடு முப்பது நாளைச் சேர்ப்பது பொருந்தவில்லையே என்கிறார். கையோடு, இப்போதெல்லாம் மக்கள் நாட்கணக்கை நினைப்பதில்லை, அந்தச் செயலைத்தான் நினைக்கிறார்கள் என்றும் குறித்துவைக்கிறார். ஒரு சொல் தன் எண்ணை உதறிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும் தருணத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் பதிவு செய்து நான் பார்த்ததில்லை.

வெனிஸில் இது எப்படி நடந்தது என்று பார்க்கவேண்டும். 1423-இல் அந்தக் குடியரசு ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கென்று மருத்துவமனை வைத்தது. அதன் செலவை உப்பு வருவாயைக் கவனித்த அரசு அலுவலகம் ஏற்றது. 1468-இல் இன்னொரு தீவை நோயில்லாத, ஆனால் சந்தேகத்துக்குரிய கப்பல்களுக்காக ஒதுக்கியது. அதன் பெயர் லாசரெத்தோ நுவோவோ. நோயாளிக்கு ஒரு தீவு, நோய் வரக்கூடியவருக்கு வேறொரு தீவு. இந்தப் பிரிவினை முக்கியம். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன். லாசரெத்தோ நுவோவோவில் நூறு மீட்டர் நீளத்துக்குச் சரக்குக் கொட்டகை ஒன்று இருக்கிறது. பருத்திப் பொதியையும் கம்பளியையும் பிரித்துக் காற்றாடப் போட்டு, புரட்டிப் புரட்டிப் புகை காட்டுவது சுமைதூக்கிகளின் வேலை. அந்த ஆட்களும் வணிகர்களும் கொட்டகைச் சுவரில் செங்காவி நிறத்தில் எழுதிவைத்தவை இன்னும் படிக்கக் கிடைக்கின்றன: கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தோம், சைப்ரஸிலிருந்து வந்தோம் என்று கப்பலும் பெயரும் முத்திரைக் குறிகளும். கடிதங்களைக்கூட அப்படியே விடமாட்டார்கள். வினிகரில் நனைப்பார்கள், அல்லது உறையைக் கீறிவிட்டுப் புகையில் காட்டுவார்கள். அந்தக் கீறல்களோடு பழைய கடிதங்கள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் இருக்கின்றன.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து அந்த ஊர்த் தையல்காரர் ஒருவருக்கு வந்த துணிப் பொதியோடு பிளேக்கும் வந்ததாகச் சொல்வார்கள். மறுவருடம் நோய் முற்றியபோது, பாதிரியார் வில்லியம் மோம்பெசன், அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லி இருவரும் சொன்னதை ஏற்று, ஊரே தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. எல்லையில் ஒரு கல். அதில் குழிகள். குழியில் வினிகர் ஊற்றிக் காசு போட்டுவைப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ரொட்டியையும் சாமானையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சாட்ஸ்வர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். ஊரில் 260 பேர் போல் இறந்தார்கள். சுற்றுவட்டாரம் தப்பித்தது. ஈம் மக்களின் தியாகத்தைப் பாடும்போது அந்தக் கல்லையும் சேர்த்துப் பாடவேண்டும். வெளியிலிருந்து சோறு வந்ததால்தான் உள்ளே இருந்தவர்களால் உறுதியாக நிற்க முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை மார்செய் நகரத்தில் நடந்தது. அங்கே விதிகளுக்கும் குறைவில்லை, வசதிக்கும் குறைவில்லை. 1720 மே 25 அன்று கிராந்த் செயின்ட் ஆன்ட்வான் என்ற கப்பல் சிரியக் கரையிலிருந்து பட்டும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. வழியிலேயே பயணி ஒருவரும், மாலுமிகளும், கப்பல் வைத்தியரும் செத்திருந்தார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் கப்பலை உள்ளே விடவில்லை. மார்செயின் வழக்கப்படி இப்படிப்பட்ட கப்பலை ஊரிலிருந்து தள்ளியிருக்கும் ஜார் தீவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. சரக்கில் நகரத்தின் பெரிய மனிதர்களுக்குப் பங்கு இருந்தது. நகர ஆட்சியாளர்களில் ஒருவரான எஸ்தெல்லுக்கும் இருந்தது. ஜூலையில் பொக்கேர் சந்தை கூடும்; அதற்குள் துணி போய்ச் சேரவேண்டும். சரக்கை ஊரை ஒட்டிய மருத்துவக் கொட்டகைகளில் இறக்க அனுமதி கிடைத்தது. அங்கிருந்து துணி கள்ளத்தனமாக ஊருக்குள் கசிந்தது. ஜூனிலேயே ஏழைகள் வசித்த குறுகிய தெருக்களில் சாவு விழ ஆரம்பித்தது. அதன்பிறகு கப்பலை ஜார் தீவுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த நகரம் தன் மக்களில் பாதியளவை இழந்தது. சுற்றியுள்ள புரோவான்ஸ் பகுதியையும் சேர்த்தால் சாவு ஒரு லட்சத்தைத் தாண்டியது.

மற்றவர்களுக்குத் தீவு விதி இருந்தது. முதலாளியின் பொதிக்கு இல்லை. குவாரன்டைன் தோற்ற இடங்களில் பெரும்பாலானவற்றை நோண்டிப் பார்த்தால் இப்படி ஒரு விலக்கு அகப்படும்.

1851-இல் பன்னிரண்டு நாடுகள் பாரிஸில் கூடி, துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும் இந்த விதிகளை ஒன்றாக்கப் பார்த்தன. காலராவுக்கு அஞ்சிய மத்தியதரைக்கடல் நாடுகள் நீண்ட காத்திருப்பைக் கேட்டன. கப்பல் வணிகத்தில் கொழித்த பிரிட்டன் குறைக்கச் சொன்னது. உடன்பாடு உருப்பெறவே நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த இழுபறியின் பாரம் விழுந்தது ஏழை யாத்திரிகர்கள் மேல். 1882 முதல் செங்கடலின் காமரான் தீவில் உதுமானிய அரசு நடத்திய குவாரன்டைன் நிலையத்தில், இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் மெக்கா போகும் ஹஜ் கப்பல்கள் நின்றே போகவேண்டியிருந்தது.

நம் கரையில் இந்தச் சொல்லின் சுவடு ஓர் ஊர்ப்பெயரிலேயே தங்கிவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பித்ததும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழர்களுக்கு மண்டபம் என்ற ஊரே வழி ஆயிற்று. இலங்கை அரசு இந்திய மண்ணில், மண்டபத்தில், ஒரு குவாரன்டைன் முகாம் நடத்தியது. கங்காணி கூட்டிவந்த குடும்பங்களை அங்கே நிறுத்தி, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகே கப்பலேற்றினார்கள். இதற்கு முந்தைய தலைமுறை மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துபோய்க் காலராவிலும் அம்மையிலும் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தது. அதனால் முகாம் உயிர் காத்தது உண்மை. ஆனால் அது தோட்டத்துக் கூலிகளை நினைத்துக் கட்டப்பட்ட முகாம். உள்ளே நின்றவர்களின் தலையில் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாய் ஏற்கெனவே ஏறியிருந்தது. அந்தக் கடனை ஒரு காகிதத்தில் எழுதித் தோட்டம்விட்டுத் தோட்டம் தொழிலாளியையே கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 வரை சட்டப்படி நீடித்தது.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பினார்கள். ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்த இடமும் மண்டபம்தான். 1980-களில் போருக்குத் தப்பிவந்த ஈழத்தமிழர்களும் மண்டபம் முகாமுக்கே வந்தார்கள். ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் ‘மண்டபம் கேம்ப்’ என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தக் ‘கேம்ப்’ இத்தனை தலைமுறையின் காத்திருப்பைச் சுமக்கிறது என்பதைப் பலகையில் எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எழுதவேண்டும்.

1918-இன் இன்ஃப்ளூயன்சா இந்தச் சொல்லை வேறெந்தச் சோதனையையும்விடக் கடுமையாகச் சோதித்தது. பசிபிக்கில் சமோவா தீவுகள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. மேற்குச் சமோவா நியூசிலாந்தின் கையில். நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் நோயாளிப் பயணிகளோடு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது; அதை நிறுத்தாமல் இறங்க விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் செத்துப்போனார்கள். சற்றுத் தள்ளி, அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் போயர் வந்த கப்பல்களை எல்லாம் தடுத்தார். அங்கே அந்த நோயில் ஒரு சாவுகூட இல்லை. ஒரே இனம், ஒரே மொழி, நடுவில் கொஞ்சம் கடல். 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டார்.

நோயை விட்டு வெளியேயும் சொல் அலைந்திருக்கிறது. 1962 அக்டோபரில் கியூபாவைச் சுற்றிக் கப்பல் வேலி போட்ட அமெரிக்க அதிபர் கென்னடி அதை முற்றுகை என்று சொல்லவில்லை. முற்றுகை என்றால் போர்ச் செயல் ஆகிவிடும். குவாரன்டைன் என்றார். 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும், நிலவில் கிருமி இருக்குமோ என்ற பயத்தில் மூன்று வாரம் அடைபட்டிருந்தார்கள். அதிபர் நிக்சன் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர்களிடம் பேசினார். கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் சந்தேகக் கோப்பைத் தூக்கிப் போடும் இடத்துக்கும் இதே பெயர்தான். கப்பல்களின் மஞ்சள் கொடி ஒரு காலத்தில் ‘நோய் உண்டு, கிட்டே வராதே’ என்றது. இன்றைய சர்வதேசக் கொடிமொழியில் அதே மஞ்சள், ‘என் கப்பலில் எல்லாரும் நலம், உள்ளே வர அனுமதி தாருங்கள்’ என்கிறது.

வெனிஸ் இரண்டு தீவாகப் பிரித்ததற்கு வருகிறேன். மருத்துவ மொழியில் குவாரன்டைன் என்பது இன்னும் நோய் காணாத, ஆனால் தொற்று பட்டிருக்கக்கூடிய ஆளுக்கு. நோய் உறுதியானவரைத் தனியே வைப்பது ஐசொலேஷன். தமிழில் நாம் இரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே எழுதுகிறோம். இலங்கையில் 2020 கொரோனா காலத்தில் ‘தனிமைப்படுத்தல் ஊரடங்கு’ என்றுகூட ஒரு தொடர் நடமாடியது. பேச்சில் ‘குவாரன்டைன்ல இருக்கேன்’ என்று சொன்ன ஆள் நோயாளியா, நோயாளியைப் பார்க்கப் போய்வந்தவரா என்று திரும்பக் கேட்டால்தான் தெரியும். ‘தொற்றுத்தடைக் காப்பு’ என்று கலைச்சொல் தொகுப்புகளில் ஒரு பெயர் இருக்கிறது. புழக்கத்துக்கு வந்திருந்தால், நலமாய் இருக்கும் ஒருவர் ஊருக்காகச் செய்யும் காத்திருப்பு இது என்பது கொஞ்சமாவது விளங்கியிருக்கும். விளங்காததால் என்ன ஆயிற்று? வெளியூரிலிருந்து வந்து, ஒரு தும்மல்கூட இல்லாமல் வீட்டுக்குள் இருந்தவரையும் தெரு நோயாளியாகவே பார்த்தது. கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், வாசலை மறித்துத் தகரம் வைத்தார்கள். ‘அந்த வீட்டுக்குத் தகரம் அடிச்சாச்சு’ என்று ஒருவர் சொன்னால் பால்காரர்கூட அந்தப் பக்கம் போகத் தயங்கினார். அந்த வருடத்தின் சொல்லாகக் கேம்பிரிட்ஜ் அகராதி குவாரன்டைனைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் பொதுவாக வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம் என்ற புதுப்பொருளையும் சேர்த்தது. நாட்கணக்கு அப்போது 14. பிறகு 7.

அன்று இந்திய மாநிலங்கள் கையிலெடுத்த சட்டம், 1897-இல் பம்பாய் பிளேக்குக்காகப் பிரிட்டிஷார் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். அந்த ஆண்டின் மூன்றாம் எண் சட்டம் அது. இலங்கையின் குவாரன்டைன் கட்டளைச் சட்டமும் அதே 1897-இல், அதே மூன்றாம் எண்ணில் வந்தது. இந்தியச் சட்டம் ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஆய்வு செய்யலாம், சந்தேகப்பட்டவரைப் பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த எந்த அதிகாரியின் மேலும் வழக்குப் போட முடியாது. 2020-இல் அதைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்த்தார்கள். அவசியமான திருத்தம்தான். ஆனால் அடைத்து வைக்கப்படுகிறவருக்கு அந்த நாட்களில் யார் சோறு போடுவது, தினக்கூலிக்காரரின் கூலிக்கு யார் பொறுப்பு, எத்தனை நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, முடிவை எதிர்த்து யாரிடம் முறையிடுவது என்ற எதற்கும் அதில் ஒரு வரியும் இல்லை. 2024-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286-ஆவது அறிக்கையில் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து, மாற்றம் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. புதுச்சட்டம் எழுதுகிறவர்கள் எத்தனை நாள் அடைக்கலாம் என்று எழுதும் அதே பத்தியில், அத்தனை நாள் உணவும் கூலியும் அரசு தரும் என்பதையும் எழுதவேண்டும்.